ரிஜெக்ட் சார் மாட்டிய சிவப்பு அட்டை

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு எங்கள் ரிஜெக்ட் சாரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், இன்றைக்கும் அது கடவுள் வீட்டுக் குடோனில்தான் கிடந்திருக்கும். வட துருவத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். 'உருண்டை சரியில்லை, மேலும் கீழும் தட்டை' என்று குறை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஓசூருக்கு வெளியே, பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் நகர் உருவாகிக்கொண்டிருந்த காலம், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மனை பிரித்து விற்ற புரமோட்டர் தந்த வழவழப்புத் தாளில் முப்பதடிச் சாலைகள் இருந்தன, பூங்கா இருந்தது, பூங்காவுக்குள் நீரூற்றும் இரண்டு அன்னப்பறவைகளும் இருந்தன. நேரில் வந்து பார்த்தால் உண்ணிச்செடியும் தைலமரக் கட்டைகளும். நாங்கள் அன்னப்பறவையை நம்பி சைட் வாங்கினவர்கள். மனையை இங்கே சைட் என்றுதான் சொல்வோம், பெங்களூர்க் காற்று.

ரிஜெக்ட் சார் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். பல்சக்கரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, "ம்ஹூம்" என்று சொல்வதற்குச் சம்பளம். விருப்ப ஓய்வு கொடுத்தபோது கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது இரண்டு மூட்டை சிவப்பு அட்டை. கம்பெனி சின்னம் மாறிவிட்டதால் பழைய அட்டைகள் குப்பைக்குப் போக இருந்தன. வீட்டுக்கு வந்ததும் முதல் அட்டையைக் கடிகாரத்தில் மாட்டினார். 'வாரத்துக்கு இரண்டு நிமிடம் தாமதம்.'

அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உள்ளங்கை அகலம், மேலே ஒரு ஓட்டை, அதில் கம்பி. பொருள், குறை, அடுத்து என்ன செய்வது என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் இரண்டே வழிதான், ஒன்று 'ரீவொர்க்', அதாவது சரிசெய்து கொண்டு வா. இன்னொன்று 'ஸ்கிராப்', காயலான் கடைக்குப் போ. தொழிற்சாலையில் ஒரு பொருளில் சிவப்பு அட்டை தொங்கினால் முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. மாட்டியவர் வந்து மறுபடி பார்த்து, கையெழுத்துப் போட்டு, அவர் கையாலேயே கழற்ற வேண்டும். நான் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தவன். எங்கள் நகரில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கம்பெனியின் சீருடைதான். அதனால் அவர் எங்கே அட்டை மாட்டினாலும் திட்டுவோமே தவிர, கழற்றக் கை போகாது.

மனிதர் புகுந்து விளையாடினார். தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, பால்காரரின் அளவுக் குவளை என்று ஒன்று விடவில்லை. சுதந்திர தினத்தன்று குடியிருப்போர் சங்கத்துக் கொடிக்கம்பம் இரண்டு டிகிரி சாய்ந்திருக்கிறதென்று மாட்டிவிட்டார். கொடியேற்ற வந்த சிறப்பு விருந்தினர் அதை ஏதோ கட்சிச் சின்னம் என்று நினைத்து மேடை ஏற மறுத்தார். ரிஜெக்ட் சார் மனைவியிடம் என் வீட்டம்மா ஒருமுறை, "வீட்ல எப்படிங்க சமாளிக்கறீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "இட்லியில அட்டை மாட்ட ஓட்டை இல்ல, தப்பிச்சுது. வடை சுடறதையேதான் விட்டுட்டேன்."

ஒரு விடியற்காலை சானமாவுக் காட்டிலிருந்து வழி தவறி வந்த யானை ஒன்று, சங்கத் தலைவர் வீட்டு மதிலைச் சாய்த்துவிட்டுப் போனது. ஊரே கூடி உச்சுக்கொட்டியது. ரிஜெக்ட் சார் இடிபாட்டைக் கிளறி, உள்ளேயிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு மாதம் முன்பே மாட்டியது.

"யானை மேல தப்பில்ல சார். அது லேசா முதுகு சொறிஞ்சிருக்கு. சிமென்ட் கம்மின்னு அப்பவே எழுதியிருக்கேன் பாருங்க."

தலைவர் அன்றைக்கே அவரைப் பைத்தியம் என்று சங்கத்தில் தீர்மானம் போடப் பார்த்தார். கையெழுத்துப் போட நானும் தயாராகத்தான் இருந்தேன். காரணம் என் வீட்டுப் படி. கேட்டுக்கு வெளியே, சாலையில் ஒன்றேகால் அடி நீட்டி ஒரு படி கட்டியிருந்தேன். சிமென்ட் காய்வதற்குள் டேப்போடு வந்துவிட்டார்.

"இது உங்க படியா சார், ரோட்டோட படியா?"

"எல்லாரும்தான் சார் விட்டிருக்காங்க."

"நூறு பீஸ் தப்பா வந்தா அது அளவு ஆயிடாது சார். நூறும் ரிஜெக்ட்."

கேட்டில் அட்டை தொங்கியது. என் வீட்டம்மா ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்து மறைத்தாள். விருந்தாளி வரும்போதெல்லாம் நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

இப்படியிருக்கையில் சைட் விலை ஏறியது. பெங்களூர்க்காரர்கள் காரில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். பூங்காவுக்கு விட்ட இடத்தை ஆறு சைட்டாகப் பிரித்து விற்றுவிடலாம் என்று புரமோட்டருக்கு ஞானம் பிறந்து, கல்லும் நட்டுவிட்டார். பிள்ளைகள் விளையாட இருந்தது அந்த ஒரு இடம்தான். சங்கம் கூடி, டீ குடித்து, கவலைப்பட்டு, கலைந்தது. கலைந்தவர்களில் சிலர் புரமோட்டரின் மேனேஜரைத் தனியாகப் பிடித்து, மூலை சைட் தமக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். அந்தச் சிலரில் நான் இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இடத்தைச் சுத்தம் செய்ய ஜேசிபி வந்தது. முதல் கல்லருகே வந்ததும் நின்றுவிட்டது. டிரைவர், தருமபுரிப் பக்கத்து ஆள், இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொரு கல்லிலும் சிவப்பு அட்டை. நடுவிலிருந்த புங்கமரத்தில் மட்டும், குறையில்லை என்று ஒரு பச்சை அட்டை. ரிஜெக்ட் சாரிடம் பச்சை அட்டையும் உண்டு என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"என்னய்யா நின்னுட்ட?" என்றார் மேனேஜர்.

"சிவப்பு மாட்டியிருக்குதுங்க. மாட்டினவரு வராம எப்படிங்க கை வெக்கறது?"

"யோவ், இது என்ன கம்பெனியா? வெறும் மண்ணுய்யா."

"மூணு வருசம் காண்ட்ராக்ட்ல இருந்தவனுங்க நானு. இதைத் தொட்டுத்தாங்க வேலை போச்சு."

மேனேஜர் கூலியாட்களைப் பார்த்தார். அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல், பேனாவை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்க அவரே ரிஜெக்ட் சார் வீட்டுக்குப் போனார். ரிஜெக்ட் சார் சட்டை மாட்டி, கண்ணாடி துடைத்து, அங்கீகாரம் பெற்ற வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நிதானமாக வந்து சேர ஏழேகால் ஆயிற்று.

"டிராயிங்ல சைட்னு காட்டுங்க, இப்பவே கழட்டறேன். பார்க்னுதான் போட்டிருக்கு. அப்ப இந்தக் கல்லு ரிஜெக்ட்."

அந்த நேரத்தில்தான் மூன்றாவது ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. தூக்கக் கண்ணோடு, சாப்பாட்டுப் பையோடு ஆட்கள் இறங்கினார்கள், அட்டையைப் பார்த்தார்கள், நின்றார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். யாரும் கோஷம் போடவில்லை. சும்மா நின்றார்கள். நானும் போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டேன், ஏதோ ஆரம்பத்திலிருந்தே அங்கிருந்தவன் மாதிரி.

மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டார். "சார், நீங்க சொல்லுங்க சார். மூலை சைட் வேணும்னு நீங்ககூடக் கேட்டீங்களே?"

அறுபது தலைகளும் திரும்பின. ரிஜெக்ட் சார் என்னை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ம்ஹூம்" என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அந்த உண்ணிச்செடிக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஜேசிபி திரும்பிப் போனது. அதற்குப் பிறகுதான் சங்கத்துக்கு வீரம் வந்து, மனு எழுதி, நகராட்சி வந்து வேலி போட்டு, பூங்கா என்று பலகை வைத்தது. திறப்பு விழாவில் தலைவர் தன் போராட்டத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ரிஜெக்ட் சார் பலகையில் இருந்த எழுத்துப் பிழைக்கு அட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஜேசிபி போன மறுநாளே என் கேட்டில் இரண்டாவது அட்டை தொங்கியது. பொருள்: வீட்டுக்காரர். குறை: எழுத இடம் போதவில்லை.  பிடுங்கிக் கிழிக்கத்தான் போனேன். அப்போதுதான் மூன்றாவது கட்டம் கண்ணில் பட்டது. 'ஸ்கிராப்' என்பதை அழுத்தி அடித்துவிட்டு, 'ரீவொர்க்' என்பதில் டிக் போட்டிருந்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அந்த மனிதரிடமிருந்து அது எவ்வளவு பெரிய சலுகை என்று ஸ்டோர்ஸில் இருந்தவனுக்குத் தெரியாதா?

இரண்டு வருடம் கழித்து ரிஜெக்ட் சார் மகள் வீட்டோடு திருச்சிக்குப் போய்விட்டார். லாரியில் சாமான் ஏற்றும்போது, லாரியின் பின்விளக்குக்கு ஒரு அட்டை மாட்டிவிட்டுத்தான் ஏறினார். அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, "பார்த்துப் போங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

இந்தப் பத்திரிகை திருச்சியிலும் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். எங்கள் தெருவில் உங்களைத் திட்டாத நாள் ஒன்றுகூட நன்றாக இல்லை சார். படியை உடைத்து உள்ளே தள்ளிக் கட்டிவிட்டேன், டேப் வைத்துப் பார்த்தாயிற்று. வீட்டுக்காரரையும் என்னால் முடிந்த அளவு சரிசெய்திருக்கிறேன். இரண்டு அட்டையும் கேட்டில் அப்படியேதான் தொங்குகின்றன, ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.