பட்டினி டாக்டரும் என் கன்றும்

முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் மாட்டுக்கொட்டாய் போட்டேன். கேனைச் சைக்கிளில் கட்டித் திருமுல்லைவாயில் முழுக்கப் பால் ஊற்றினேன். அந்தப் பாலிலேயே வீடு கட்டினேன், பொண்ணுங்களைக் கட்டிக்கொடுத்தேன். சுற்றிலும் ஃப்ளாட் எழும்பியும் நான் அசையவில்லை. நாலாங்கிளாஸோடு நின்ற என்னை எவனும் அடக்கியதில்லை, பட்டினி டாக்டரைத் தவிர. மாட்டுக்கு வைத்தியம் பார்க்க மனுஷனைப் பட்டினி போட்ட டாக்டர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

என் செவலைப் பசு போட்ட கிடேரிக் கன்றுக்குத் தொப்புளில் எலுமிச்சம்பழமாட்டம் வீக்கம். கன்று வளர வளர அதுவும் வளர்ந்தது. மாட்டுத் தரகன் வந்து பார்த்தான். "கொடல் எறங்கிகீது அண்ணாத்தே, வந்த வெலைக்குத் தள்ளிடு" என்றான். தள்ளினால் கறிக்குத்தான் போகும். எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். அவர் மனுஷங்களோடு பேசமாட்டார், மாட்டோடுதான் பேசுவார். வீக்கத்தை விரலால் அழுத்தினார், உள்ளே போனது. கன்றிடம் சொன்னார்: "வயித்துல ஓட்டைம்மா. கொடல் மாட்டிக்கிச்சுன்னா நீ காலி. நாளைக்குத் தெச்சிடலாம். இன்னிக்கு சாயங்காலத்துலருந்து உனக்குப் பால் கிடையாது. உன் மொதலாளிக்குச் சோறு கிடையாது."

"எனக்கு இன்னாத்துக்குச் சோறு கிடையாது, டாக்டர்?"

பதிலும் கன்றுக்குத்தான். "வயிறு ரொம்பினவனுக்கு மனசு எளகும். நீ கத்துவ, அவன் ஊத்திடுவான். மல்லாக்கப் போட்டா பால் எதுக்களிச்சு மூச்சுல ஏறிடும்."

சும்மா மிரட்டல் இல்லை. பட்டாபிராமில் ஒருத்தன் பரோட்டா தின்றுவிட்டு வந்து நின்றானாம். அவன் மீசையை மோந்து பார்த்துவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டார்.

கன்று கத்திய கத்தலில் ஃப்ளாட்டே பால்கனிக்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பொண்ணு ஒன்று பாக்கெட் பாலோடு இறங்கி வந்தது.

"பாவம் அங்கிள், கொஞ்சம் கொடுங்களேன்!"

"நானே பட்டினி கெடக்குறேம்மா, போ!" என்று கொட்டாய் வாசலை மறித்துக் குந்திவிட்டேன்.

காலையில் டாக்டர் கன்றின் வாயை மோந்தார். அப்புறம் என் வாயை. "ரெண்டும் சுத்தம்."

என் கட்டிலிலேயே கன்றை மல்லாத்தி, மரத்துப்போக ஊசி போட்டார். பின்னங்கால் ரெண்டையும் பிடித்தவன் நான். தோலைக் கீறி, குடலை உள்ளே தள்ளி, சாக்குமூட்டை தைக்கிறமாதிரி ஓட்டையை இழுத்துத் தைத்தார். "நீ பயப்படாதேம்மா, உன் மொதலாளிதான் நடுங்குறான்."

எல்லாம் முடிந்து கன்று தள்ளாடி எழுந்தது. நான் தள்ளாடி விழுந்தேன்.

கண் விழித்தால், டாக்டர் பன்னை டீயில் நனைத்து என் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் பேச்சு கன்றோடுதான்: "இவனுக்குத் தையல் வேணாம்மா, பன்னு போதும்."

அந்தக் கிடேரி இப்போது கன்று போட்டுக் கறக்கிறது. டாக்டர் போகிற இடமெல்லாம் அதன் தைரியத்தையும் தன் தையலையும் சொல்கிறாராம். பட்டினி கிடந்து காலைப் பிடித்தவன் பேச்சே வருவதில்லை.

இந்தப் பக்கம் வந்தால் இன்றைக்கும் ஸ்கூட்டரை நிறுத்துவார். மாட்டின் காதில் கேட்பார்: "உன் மொதலாளி சாப்ட்டானா?"

நானும் மாட்டிடமே சொல்லிவிடுகிறேன்: "சாப்ட்டாச்சு. பாதி ஆபரேஷன் என்னுதுன்னு ஒரு தபா அவரை ஊருக்குச் சொல்லச் சொல்லு. அவரு சாப்ட்டாரான்னும் கேளு."