எலுமிச்சம்பழத்தில் ஏறிய கம்ப்யூட்டர்

"இது நிக்கவே நிக்காது" என்று சத்தியம் செய்கிற ஆளைப் பார்த்தால் நான் இரண்டடி தள்ளியே நிற்பேன். ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த ஆள் நான்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு குழாய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர்களெல்லாம் என் பொறுப்பில் இருந்தன. (கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை திருவள்ளூர் பஸ்ஸில்கூடக் கழற்ற மாட்டேன்.)

நான் சாதித்தது இதுதான். கம்பெனியின் டேட்டாபேஸை இரண்டு சர்வர்களில் வைத்து, ஒன்று படுத்தால் இன்னொன்று தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு அறுந்தால் இரண்டுமே 'நான்தான் முதலாளி' என்று கிளம்பிவிடும் அல்லவா? அதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்கு வேலை கிடையாது, ஓட்டு மட்டும் உண்டு. மூன்றில் இரண்டு ஓட்டு சேர்ந்தால்தான் டேட்டாபேஸ் ஓடும். தனியாக மாட்டிக்கொண்ட சர்வர் நல்ல பிள்ளையாக நின்றுவிடும்.

ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் நாராயணன் சாருக்கு சர்வருக்கும் பொட்டு வைத்துவிட ஆசை. ஓடுகிற மெஷினுக்குப் பூஜை போடக் கூடாது, பூஜை போட்டதை மறுநாள்வரை தொடக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் எழுதாத சட்டம். ஆனால் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரிகள் வாசலில் நின்றன. பில் வந்தால்தான் அவை கிளம்பும், சாயங்காலத்துக்குள் போனால்தான் சரக்கு கப்பல் ஏறும். என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வேறு மேனேஜரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"ஒரு சர்வரை நிறுத்திப் பூஜை போடுங்க சார். இன்னொண்ணு பாத்துக்கும்" என்றேன்.

நிறுத்தினோம். இன்னொன்று பார்த்துக்கொண்டது. டிஸ்பாட்ச் செக்‌ஷன் ரோஸ்லின் ஒரு பில் அடித்துக் காட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. "ஓடற சர்வரும் ரோஸ்லின் மேடம் கம்ப்யூட்டரும் போதும், மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிப் பொட்டு வெச்சிடுங்க" என்று அள்ளிவிட்டேன். அந்த 'மத்ததெல்லாம்' என்பதில் ஓட்டுப் போடும் பழைய கம்ப்யூட்டரும் அடக்கம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

கற்பூரம் அணைவதற்குள் ரோஸ்லின் குரல் கொடுத்தாள். "இன்னா சார், நிக்கவே நிக்காதுன்னீங்க. நின்னுகினு இருக்குதே."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டாவது சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. துணைக்கு ஓட்டில்லை என்று ஒதுங்கிவிட்டது. (அதைக் கட்டாயப்படுத்தி ஓடவைக்க ஒரு கட்டளை உண்டு. அது எனக்கு மறுநாள் பஸ்ஸில் ஞாபகம் வந்தது.) பழைய கம்ப்யூட்டரோ தலையில் மாலை, நெற்றியில் சந்தனம் என்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. ஸ்விட்ச்சை நோக்கிக் கையை நீட்டினேன்.

மேனேஜர் குறுக்கே வந்தார். "பூஜை போட்டதை இன்னிக்கே தொடுவியா? கம்பெனிக்கு எதுனா ஆனா நீயா பதில் சொல்லுவ?"

"சார், லாரி சார்..." என்றேன். வெளியே டிரைவர்கள் ஹாரனை அழுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

ரோஸ்லின்தான் கேட்டாள். "சார், லாரிக்கும்தான பூஜை போடறீங்க? அத்த மட்டும் எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஒரு சுத்து ஓட்டிக்கினு வரீங்க?"

மேனேஜர் யோசித்தார். "அது வண்டிம்மா. சக்கரம் இருக்குது."

"இதுக்கும் சக்கரம் குடுத்துட்டா?"

அடுத்த காட்சியை கம்பெனியே கூடி நின்று பார்த்தது. பழைய கம்ப்யூட்டரைச் சக்கர நாற்காலியில், அதாவது மேனேஜரின் சுழல் நாற்காலியில், மாலையோடு உட்காரவைத்தோம். எலுமிச்சம்பழத்தை மேனேஜரே தரையில் வைத்தார். தள்ளுவது என் வேலை. முதல் தடவை பழம் நழுவி ஓடிவிட்டது. இரண்டாவது தடவை பிளந்து என் பேண்ட்டெல்லாம் சாறு. "ஓட்டியாச்சு. இனிமே போடு" என்றார் மேனேஜர்.

போட்டேன். ஓட்டு சேர்ந்தது, சர்வர் எழுந்தது, பிரிண்டர் கடகடவென்று பில்லைத் துப்பியது. கடைசி லாரி கேட்டைத் தாண்டியபோது ரோஸ்லினைக் கும்பிடலாம் போலிருந்தது. என் உத்தரவிலும் கையெழுத்து விழுந்தது. அதன் ஓரத்தில் மேனேஜரின் சந்தன விரல் ரேகை இன்றும் இருக்கிறது.

ரோஸ்லினை அப்புறம் கல்யாணம் செய்துகொண்டேன். (அவ்வளவு விஷயம் தெரிந்தவளை வெளியே விட்டுவைக்க முடியுமா?) இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் சாய்ந்துவிட்டால் அவள் எங்கள் மகளைப் பார்ப்பாள். மகள் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து என் காலடியில் வைப்பாள்.

நான் எழுந்து மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டில் மொத்தம் மூன்று ஓட்டு. இரண்டு அந்தப் பக்கம் இருக்கிறது.