அடையில் இருந்த கோழிக்கு நான் பார்த்த வைத்தியம்

போன வருஷம் ஜூலை பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இரவு பெய்த மழை விட்டிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று துளியும் இல்லை. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில், முழு நினைவோடு, இரண்டு கைகளிலும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த ஒரு கோழியை நான் நோயாளியாக்கினேன். (படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். படித்ததால்தான் செய்தேன்.)

கோழி எனக்காக வாங்கியது அல்ல, என் அண்ணனுக்காக வாங்கியது. அதற்கு முந்தைய ஜூலையில் அண்ணி இறந்துபோனார். அதன் பிறகு கூடுவாஞ்சேரி வீட்டில் அண்ணன் சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. நான்கு மாதத்தில் எட்டு கிலோ குறைந்தார். இப்படியே விட்டால் ஆளை இழந்துவிடுவோம் என்று அவர் மகன் ரகுவிடம் சொன்னவன் நான்தான். ரகுவுக்குச் சிறுசேரியில் மென்பொருள் வேலை, படூரில் ஒன்பதாவது மாடியில் வீடு. கூடுவாஞ்சேரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணனைப் படூருக்கு அழைத்துப் போனோம். அங்கே பேச்சும் நின்றது. மே மாதம் புதுப்பட்டினத்துக்கு, என் வீட்டுக்கே கூட்டி வந்தேன்.

முதல் வாரம் அண்ணன் பேசியது நாளொன்றுக்குச் சராசரி பதினோரு வார்த்தை. அதில் நான்கு 'போதும்'.

"ஏங்க, அவர் பேசறதை விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கீங்களே, அவருக்கே தெரியுதுங்க" என்றாள் என் மனைவி சரோஜா. "ஏதாவது உயிர் இருக்கறதா ஒண்ணு வாங்கிக் குடுங்க. சின்ன வயசுல கோழி வளர்த்தாராமே."

வாங்குவது என்று முடிவானால் சரியானதை வாங்க வேண்டும் என்பது என் கொள்கை. பதினைந்து நாள் படித்தேன். நம் பக்கத்துப் பழைய கொல்லைக் கோழிக்குச் சிறுவிடை என்று பெயர். சின்ன உடம்பு, மெல்லிய கால், மதில் ஏறிப் பறக்கும், தானே அடை காத்துத் தானே குஞ்சுகளை வளர்க்கும். ஆனால் அந்தப் பெயரில் பண்ணைக் கலப்புக் கோழியைத் தலையில் கட்டுகிறவர்கள் ஏராளம் என்று எச்சரித்திருந்தார்கள். ஆகவே எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேசம்மாவின் குப்பத்து வீட்டுக்கு நான் போனபோது, தையல் டேப்பும், மகள் ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடை பார்க்க வாங்கிய கொக்கித் தராசும் எடுத்துப் போனேன்.

கோழியைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டேன். ஒரு கிலோ முந்நூற்றுப் பத்து கிராம். காலை அளந்தேன். கொண்டையின் பற்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது தேசம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார், கோழி வாங்க வந்துகிறியா, பொண்ணு பாக்க வந்துகிறியா?"

"இது சுத்தமான சிறுவிடைதானேம்மா?"

"அதும் பாட்டிக்குப் பாட்டி இந்த வூட்லதான் மேஞ்சுது. ஜாதகம் வோணும்னா நீயே எழுதிக்கோ. எட்நூறு குடு."

அறுநூற்றைம்பதுக்கு முடிந்தது. சந்தேகம் மட்டும் முடியவில்லை. கோழியை நான்கு கோணத்தில் படம் பிடித்து, நாட்டுக்கோழி வளர்ப்போர் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து அனுப்பினேன். ஒன்பது பேர் சிறுவிடை என்றார்கள். ஆறு பேர் கலப்பு என்றார்கள். ஒருவர் அது சேவல் என்றார். ஒருவர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்.

அண்ணனுக்கு இந்தச் சர்ச்சை எதுவும் காதில் விழவில்லை. கொல்லையில் கூண்டுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் சேவல் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் மதிலேறி வந்து அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது. (அதன் இனம் குறித்தும் குழுவில் கேட்டேன்.) கோழி முட்டையிட ஆரம்பித்தது. அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து அரிசியில் புதைத்து வைத்தார். ஒன்பது சேர்ந்ததும் ஜூன் இருபத்தைந்தாம் தேதி கோழி கூடையை விட்டு எழ மறுத்தது. அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்று, யாரும் கேட்காமல், தானாகச் சொன்னார்:

"சரோஜா, அவ அடையில உக்காந்துட்டாம்மா."

சரோஜா அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வார்த்தைகள் கூடின. ஒரு நாள் குளியலறை ஜன்னல் வழியாகக் கேட்டபோது, அண்ணன் அந்தக் கோழியிடம் ஒரே மூச்சில் நாற்பது வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். மழைக்கு ஒழுகும் ஒரு மாடிப்படியைப் பற்றி என்னவோ. கூடுவாஞ்சேரி வீட்டுப் படி. இரவு இட்லி இரண்டிலிருந்து மூன்றாயிற்று. குஞ்சு பொரித்தால் எங்கே விடுவது, பருந்துக்கு வலை கட்டலாமா என்றெல்லாம் என்னையே கேட்டார். இருபத்தொன்றாவது நாளுக்காக அவர் காத்திருந்தார். அவருக்காக நாங்கள் காத்திருந்தோம்.

அண்ணியின் முதல் வருஷத் திதி ஜூலை பன்னிரண்டாம் தேதி வந்தது. படூரில் ரகு வீட்டில் ஏற்பாடு. கோழிக்கு அன்று பதினெட்டாவது நாள். வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனும், சமையலுக்குத் துணையாகச் சரோஜாவும் கிளம்பினார்கள். காரில் ஏறும் முன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இருந்து பாத்துக்கடா. ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா பாத்துக்க."

ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்று மாலை கோழியை எடுத்துத் தராசில் மாட்டினேன். (அது என்னை மூன்று இடத்தில் கொத்தியது.) ஒரு கிலோ எழுபது. இருநூற்று நாற்பது கிராம் குறைவு! பயம் வந்த பிறகு கண்ணில் பட்டதெல்லாம் நோயாகவே பட்டது. கொண்டை வெளுத்துச் சுருங்கியிருந்தது. நெஞ்சில் இறகு கொட்டித் தோல் தெரிந்தது. வைத்த கம்பு அப்படியே இருந்தது. எழுந்து வந்து ஒரே ஒரு முறை போட்ட எச்சம் எலுமிச்சம்பழம் அளவுக்கு, நாற்றம் குடலைப் பிடுங்கியது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். அடையில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. அது நோய்க்குறி இல்லையே!

காலை ஐந்தரைக்குப் பதில் வந்தது: 'கழிச்சல் நோய் சார். உடனே தனிமைப்படுத்தவும்.'

அணு ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவனிடம் 'தனிமைப்படுத்தவும்' என்று ஒருவர் சொல்லலாமா? பத்தே நிமிடத்தில் கையுறை, முகக்கவசம், சரோஜாவின் மழைக்கோட்டு. கோழியைக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். ஈரத் தரையில் பாத்திரம் கவிழ்க்கும் கம்பித்தட்டு, அதன் மேல் கோழி, கோழிக்கு மேல் துணிக்கூடை. காற்றோட்டத்துக்கு மின்விசிறி. கதவில் 'உள்ளே வரக்கூடாது' என்று எழுதி ஒட்டினேன். (வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.)

முட்டைகளை மறந்துவிடவில்லை. விளக்கடியில் வைத்துச் சூடு காட்டினால் போதும் என்று படித்திருந்தேன். மேஜை விளக்கைப் போட்டு, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை நடுவில் செருகினேன். ஒரு மணி நேரமாகியும் பாதரசம் அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது: மின்கட்டணத்தை மிச்சப்படுத்த வீட்டிலுள்ள பதினேழு விளக்கையும் நான் எல்இடிக்கு மாற்றியிருந்தேன். ஒரு முட்டையைச் சூடாக்கும் யோக்கியதை அதில் ஒன்றுக்கும் கிடையாது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குண்டு பல்பு தேடிப் புறப்பட்டேன். திருக்கழுக்குன்றம் வரை ஏழு கடை.

"குண்டு பல்பா? எந்தக் காலத்துல இருக்கீங்க சார்? டார்ச் தரட்டுமா?"

"டார்ச் சூடாகுமாப்பா?"

கடைக்காரர் என் மேல்மூச்சைப் பார்த்துவிட்டு உட்கார நாற்காலி போட்டார்.

கடைசியில் மருந்துக்கடையில் வெந்நீர்ப் பை வாங்கித் திரும்பினேன். முதல் தடவை ஊற்றியதில் சூடு பற்றவில்லை. இரண்டாவது தடவை கொதிக்கவைத்து ஊற்றினேன். பாதரசம் ஏறி உச்சத்தில் போய் நின்றது. பதறி விசிறினேன். அன்றும் மறுநாளும் அந்த ஒன்பது முட்டைகளும் மார்கழியையும் சித்திரையையும் மாறி மாறிப் பார்த்தன.

சரோஜா போன் செய்தாள். "எப்படிங்க இருக்கு?"

"எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு."

"நீங்க அப்படிச் சொன்னாதாங்க எனக்குப் பயமா இருக்கு."

ஞாயிறு மதியம் குளியலறையிலிருந்து கொக்கரிப்பு கேட்டது. கோழி எழுந்து நின்று சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. வைத்தியம் பலித்த பூரிப்பில் குழுவுக்கு விவரமாக எழுதிவிட்டு, அதைத் தூக்கிப் போய் முட்டைகளின் மேல் உட்கார வைத்தேன். கோழி அவற்றை, பஸ் ஸ்டாண்டில் யாரோ விட்டுப்போன மூட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தது. இறங்கிப் போய்க் கறிவேப்பிலை அடியில் மண்ணைக் கிளற ஆரம்பித்தது. மறுபடி வைத்தேன்; மறுபடி இறங்கியது. போன் ஒலித்தது. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார்: 'கம்பித்தட்டு, ஈரத் தரை, விசிறிக் காற்று. அடைக்கோழி அடை தெளிந்து முட்டையை மறக்க நாங்கள் செய்வதும் இதேதான். அருமை சார்.' கீழே கட்டைவிரல். அடைக்கோழி அப்படித்தான் இளைக்கும், அப்படித்தான் கொண்டை வெளுக்கும், நாளுக்கொரு தடவைதான் எழுந்து எச்சம் போடும். இப்படி விடாப்பிடியாக உட்காருவதைப் போலச் சிறுவிடைக்கு வேறு அத்தாட்சி கிடையாது என்றும் எழுதியிருந்தார்.

மாலை ஆறே காலுக்குக் கார் வந்து நின்றது. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் எடை, எச்சம், வெப்பநிலை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். அடுத்ததை எடுத்தார். ஒன்பதையும் கேட்டார். சரோஜா வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, சாப்பிடவே இல்ல. இளைச்சுப் போயிட்டா. ஒரே இடத்துல உக்காந்திருந்தா. பயந்துட்டேன்."

அண்ணன் முட்டையைக் கூடையில் வைத்தார்.

"என்னையும் இப்படிச் சொல்லித்தானடா தூக்கிட்டு வந்தீங்க" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். "உக்காந்திருக்கறது வியாதி இல்லடா. அந்த ஜன்னல்கிட்ட உக்காந்தா அவ பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுக்கிட்டிருந்தது எனக்கு. பைத்தியம்னு நினைச்சுக்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நானே எழுந்திருப்பேன். ஒன்பதாவது மாடியில ஒரு சத்தமும் கேக்கல."

அவர் வார்த்தைகளை எண்ணுவதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவரே கடப்பாரையை எடுத்து முருங்கையடியில் குழி தோண்டி ஒன்பதையும் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் வீட்டுக்குப் போறேன்டா" என்றார்.

"படூருக்கா அண்ணா?"

"என் வீட்டுக்கு."

வாடகைக்கு இருந்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாதியில் எப்படிக் காலி செய்வது என்று கேட்டார்கள். நியாயம்தான். பேசிப் பேசி ஆகஸ்ட் கடைசியில் காலி செய்தார்கள். அண்ணன் கோழியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டில் ரயிலேறினார். இப்போதும் அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறார். பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை; இட்லி மறுபடி இரண்டாகிவிட்டது. அண்ணி கழுவும் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்காவது பசியில்லை என்றால் ரகு உடனே, "மெதுவாச் சொல்லுங்க, சித்தப்பா காதுல விழுந்தா பாத்ரூம்ல வெச்சு ஃபேனைப் போட்டுடுவாரு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். பொங்கலன்று அண்ணன்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், அவரைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகவே.

கணக்கு இதுதான். கோழி அறுநூற்றைம்பது. வெந்நீர்ப் பை இருநூற்று எண்பது. பெட்ரோல் நூற்றைம்பது. வாடகைக்காரருக்கு இரண்டு மாத வாடகை ஈடாக இருபத்து நாலாயிரம், அவர்கள் சாமான் ஏற்றிய வண்டிக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பதினெட்டாயிரம். ரகு பாதி தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். என் அண்ணன் தன் வீட்டில், தன் ஜன்னலோரத்தில், யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் உட்கார்ந்திருக்க ஆன செலவு மொத்தம் ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது ரூபாய்.