சுவரைக் காப்பாற்ற வந்த ஸ்டாண்டு

எங்களை சிகந்தராபாத் மாரெட்பள்ளி வீட்டிலிருந்து துரத்தியது என் மச்சான் தியோடர்தான். வீட்டு ஓனர் இல்லை. என் மகள் இல்லை. விதியும் இல்லை. என் மனைவி ஜெசியின் கூடப்பிறந்த அண்ணன்தான். இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கறியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்வார். வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

(முட்டாள்தனத்தில் பாதிப் பங்கு என்னுடையது. அதையும் மறைக்கப் போவதில்லை.)

மாதாப்பூர் பக்கம் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். அடுத்தவன் கஷ்டப்பட்டுச் செய்ததை உடைத்துக் காட்டினால் சம்பளம் கொடுப்பார்கள். என் குணத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஜெசி சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். மகள் ஷெரினுக்கு நான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். அதிகம் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் கிரேயானால் சுவரில் எழுதிவிடுவாள்.

பிரச்சினை சுவர்தான். ஓனர் தார்நாகாவில் இருந்தார். ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பதினோரு மணிக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் சுவராகப் பார்ப்பார். திட்டமாட்டார். அதுதான் பயம். அந்த மாதம் ஹால் சுவரில் ஊதா நிறத்தில் ஒரு யானை நின்றது. இரண்டு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"அடுத்த மாசம் சுவத்துல ஒரு கோடு இருந்தாலும் நம்மள காலி பண்ணச் சொல்லிருவாரு, பாத்துக்குங்க" என்றாள் ஜெசி.

அந்த வீட்டை விட முடியாது. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். டேங்க்கில் எந்த நேரமும் தண்ணீர் நிறைந்திருக்கும். ஆபீசில் ஒருவர், அமெரிக்காவில் குழந்தைகள் படம் வரைவதற்கென்றே ஸ்டாண்டில் நிற்கும் பலகை விற்கிறார்கள், அதை வாங்கி வைத்தால் குழந்தை சுவர்ப்பக்கமே போகாது என்றார். மறு சனிக்கிழமையே சிகந்தராபாத்தில் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று ஸ்டாண்டுகளை எடுத்து வைத்தார்.

மற்ற அப்பன்மார் நிறம் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். நான் டெஸ்ட் செய்தேன். முதலாவது மூன்று கால் மர ஸ்டாண்டு. ஒரு காலை உதைத்தேன். விழுந்தது.

"கைக்கு ஹிலாரே சாப்? பச்சி கித்தே சால் கீ?" என்றார் கடைக்காரர். (எதற்கு சார் ஆட்டுகிறீர்கள், குழந்தைக்கு எத்தனை வயது?)

"சார் சால்."

"சார் சால் கீ பச்சி ஐசா லாத் மார்தீ?" (நான்கு வயதுக் குழந்தை இப்படி உதைக்குமா?)

"மார்தீ" என்றேன்.

"தோ பாப் பே கயீ ஹோங்கி" என்றார் அமைதியாக. அப்படியென்றால் அப்பனைக் கொண்டு பிறந்திருக்கும்.

இரண்டாவது, இரண்டு பக்கமும் பலகை வைத்து மடக்கும் ஸ்டாண்டு. குழந்தையின் விரல் கீலில் மாட்டுமா என்று அறிய என் விரலையே விட்டுப் பார்த்தேன். மாட்டியது. அவர் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து விடுவிக்கும்வரை, பள்ளிச் சீருடையில் ஐந்தாறு பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். மூன்றாவது பிளாஸ்டிக். பெயின்ட் வைக்கக் குட்டிக் கிண்ணங்கள் தொங்கின. வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் லேசாகத்தான் சாய்ந்தேன். கால் முறிந்தது. ஸ்டாண்டின் கால்.

உடைத்ததற்குப் பணம் கட்டிவிட்டு, மிஞ்சிய கிண்ணங்களோடு வீட்டுக்கு வந்தேன். அங்கே தியோடர் மச்சான் காபி குடித்துக்கொண்டிருந்தார். மல்லாபூரில் இரும்பு ராக்குகள் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். உலகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிள் இரும்பில் செய்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

"கடைல விக்கிறதெல்லாம் பொம்ம மாப்ளே. நக்கோ, வேணாம். நா பண்ணித் தரேன்" என்றார்.

"விழாம நிக்கணும் மச்சான். அது ஒண்ணுதான் முக்கியம்."

"ஹவ். கைக்கு டென்ஷன்?" (ஆமாம், எதற்கு டென்ஷன்?)

பண்ணிவிட்டார். ஓனர் வரவேண்டிய அதே ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து, நடுவில் மூன்று முறை கீழே வைத்து மூச்சு வாங்கி, ஹாலுக்குக் கொண்டுவந்தோம். பச்சை பெயின்ட் அடித்த தகடு. உயரத்தைக் கூட்டிக்கொள்ள இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை. கல்யாணம் ஆகிற வரைக்கும் ஷெரின் அதில் வரையலாம். ஜெசி ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். ஷெரினை ஸ்டாண்டின் முன்னால் நிறுத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு என் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

எனக்குள் இருந்த டெஸ்டர் சும்மா இருக்கவில்லை. "மச்சான், இது பிள்ள மேல விழுந்தா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ராக்கையும் சும்மா நிற்கவிட மாட்டார்கள். சுவரில் போல்ட் அடித்து இறுக்கிவிட்டுத்தான் ஆட்கள் கிளம்புவார்கள். "செவுத்துல நாலு போல்ட் போட்டுடலாம். பூகம்பம் வந்தாலும் நிக்கும்" என்றார். டிரில் மெஷின் கையோடு வந்திருந்தது.

கவனியுங்கள். ஒரு மாதமாக நாங்கள் பட்ட பாடெல்லாம் அந்தச் சுவரில் ஒரு கோடு விழக்கூடாது என்பதற்காக. இன்ஜினியரிங் படித்த நான், "ரொம்ப நல்ல ஐடியா மச்சான்" என்றேன். எங்கே துளை போடுவது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்ததும் நான்தான். ஸ்கேல் வைத்துக் குறித்தேன்.

"உள்ள பைப் இருக்கா மாப்ளே?" என்றார்.

நான் விரலை மடக்கிச் சுவரை நான்கு இடத்தில் தட்டிக் கேட்டேன். டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல. "இல்ல" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்.

மூன்று துளைகள் நன்றாக விழுந்தன. நான்காவதில் மெஷின் சத்தம் மாறியது. அவர் அதை வெளியே இழுத்ததும் தண்ணீர் நேராக என் நெஞ்சில் அடித்தது.

"டாடி, கோட சூசூ போஸ்துந்தி" என்றாள் ஷெரின். (சுவர் ஒன்றுக்குப் போகிறதாம்.)

மச்சான் கட்டைவிரலைத் துளையில் வைத்து அழுத்தினார். டேங்க் வால்வை மூட மாடிக்கு ஓடினேன். மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி ஓனரிடம். அவரோ தார்நாகாவில். ஒரு மாதமாக அந்த மனிதர் வரக்கூடாது என்று ஜெபித்தவன், கர்த்தரே அவரைச் சீக்கிரம் அனுப்பும் என்று மாடிப்படியில் நின்று ஜெபித்தேன். அவர் வீட்டுக்கு போன் செய்தால் கிளம்பிவிட்டார் என்றார்கள்.

அரை மணி நேரம் நானும் மச்சானும் மாறி மாறி விரல் வைத்தோம். கடையில் வீங்கிய விரல்தான் துளைக்குச் சரியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் அளவு தண்ணீர். பெயின்ட் கிண்ணங்கள் சமையலறைப் பக்கம் மிதந்து போயின. குழந்தை சத்தமே போடவில்லை. அது நல்லதில்லை என்று நான்கு வருட அப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டில் ஓனரும் ஜெசியும் ஒன்றாகவே வந்தார்கள். ஜெசி கையிலிருந்த பைபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஓனர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். அவர் அக்குளில் வெள்ளைக் காகிதச் சுருள் ஒன்று, ஆள் உயரத்துக்கு.

முதலில் எதிர்ச் சுவரைத்தான் பார்த்தார். நாங்களும் அப்போதுதான் பார்த்தோம். சிவப்புக் கிரேயானில் ஓர் ஆள், சுவரில் விரலை விட்டபடி நின்றான். பெரிய தொப்பை. மச்சானேதான்.

"சாயல் சரியாக இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில், நிதானமாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "இதை நான் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவேன். அதை என்ன செய்வது?"

விரலை எடுக்காமல், "சாரி சார்" என்றேன்.

மாடிச் சாவியை மச்சானிடம் கொடுத்தார். காகிதச் சுருளை ஷெரினிடம் கொடுத்து, நனையாத இடமாகப் பார்த்து அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார். லேபில் மிச்சமான காகிதமாம். சுவர் முழுக்க ஒட்டிவிட்டால் அவள் இஷ்டம்போல் வரையலாம் என்று சொல்லத்தான் கொண்டுவந்தாராம். அதைச் சொல்லிவிட்டு, நாங்கள் காலி செய்ய ஒரு மாத அவகாசம் கொடுத்தார். குரல் உயரவே இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மாதத்தில் வீடு கிடைக்கவில்லை. மல்லாபூரில் மச்சான் வீட்டு மாடி போர்ஷனுக்குப் போனோம். இன்றும் அங்கேதான் இருக்கிறோம். கம்பெனி பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஷெரின் கல்லூரிக்குப் போய்விட்டாள். எங்கள் குடும்பத்தில் யார் ஆணியும் சுத்தியலும் எடுத்தாலும், "மாப்ளய கூப்புடு, தட்டிப் பாத்துச் சொல்லட்டும்" என்கிறார்கள். நான் போகாத கல்யாணங்களிலும் இதைச் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி. இருக்கட்டும்.

ஆனால் போன வாரம், துணி காயப்போடப் பயன்படும் அந்த ஸ்டாண்டுக்குப் புது பெயின்ட் அடிக்கலாம் என்று பழைய பச்சையைச் சுரண்டினேன். தகட்டில் பச்சைக்கு அடியிலிருந்து வெள்ளை எழுத்துகள் வந்தன. ஆங்கிலத்தில் 'டு லெட்', வாடகைக்கு விடப்படும் என்று. கீழே மச்சானின் போன் நம்பர். ஜெசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா, நாம வர்றதுக்கு முன்னாடி மாடி நாலு மாசமா காலியா கெடந்துச்சுல்ல, அண்ணன் கேட்ல மாட்டியிருந்த போர்டு" என்றாள், காய்ந்த துணியை மடித்தபடி.

ஆகவே தியோடர் மச்சான், வருகிற கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டில், மொத்தக் குடும்பமும் உட்கார்ந்த பிறகு, எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். தகட்டுக்குப் பஞ்சமே இல்லாத தொழிற்சாலையில் வேலை பார்த்த நீங்கள், மாடிக்கு ஆள் வருமுன்பே அந்த போர்டைக் கழற்றியது ஏன்?