நாரை சாப்பாட்டுக் கடைக்குப் போன விவரம்

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். வேலையும் நலம். நீ முதலில் கேட்கப்போவது இரண்டாவதைத்தான் என்பதால் அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். ஃபோனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் கூப்பிட்டாலே அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அவர் சிபாரிசில் கிடைத்த வேலை. ஆகவே இதை நீ தனியாகப் படித்துவிட்டு, அவருக்குத் தேவையான அளவு மட்டும் சொல்.

அடிபட்ட நாரைகளைக் குணமாக்கி ஏரியில் விடுவதுதான் எங்கள் திட்டம். எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. எந்த வண்டி எப்போது கிளம்புகிறது, படகுக்கு டீசல், மீன் பெட்டிக்கு ஐஸ், குழுவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம், இவைதான் என் பொறுப்பு. லாரிக் கம்பெனியில் ஊர்விட்டு ஊர் வீடு மாற்றிக் கொடுத்தவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. போன வாரம் முதல் நாரையை விட்டோம். அது பிழைத்துக் காட்டினால்தான் மற்ற நாரைகளை விட அனுமதி. இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். திட்டத்தோடு என்னையும்.

அது எங்கே போகிறது என்று பார்க்க அதன் காலில் விரலளவு கருவி ஒன்றைக் கட்டுவார்கள். கருவியில் சின்னக் காந்தம் ஒன்றை டேப்பால் ஒட்டியிருப்பார்கள். காந்தம் இருக்கும்வரை கருவி தூங்கும். எடுத்தால் விழித்துக்கொண்டு, மேடத்தின் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியாகத் தெரியும். மேடம்தான் எங்களுக்கெல்லாம் தலைவி, நாரைகளைப் படித்தே பட்டம் வாங்கியவர். மொத்தம் இரண்டு கருவிகள், ஒன்று நாரைக்கு, ஒன்று உபரி. இங்கேதான் உன் தம்பி தன் லாரிக் கம்பெனி மூளையைக் காட்டினான். வண்டிகளின் நேர அட்டவணையை எல்லோர் கண்ணிலும் படும்படி இரும்பு பீரோவில் ஒட்டுவது என் பழக்கம், அன்றைக்கு ஒட்ட ஒன்றும் கிடைக்கவில்லை, உபரிக் கருவியிலிருந்த காந்தம் கைக்கு வாகாக இருந்தது, எடுத்து ஒட்டிவிட்டுக் கருவியை ஜெர்கின் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏரிக்கரையில் நாரையைத் திறந்துவிடும்போது மேடம், "காந்தத்தை எடுத்தாச்சா?" என்றார். பீரோவில் இருக்கும் காந்தம் என் மனக்கண்ணில் வந்தது. எடுத்தாச்சு மேடம் என்றேன். நாரை காந்தத்தோடு பறந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு திரையில் ஒரே ஒரு புள்ளி. மேடம் அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி காலையில் டீக்கடைக்குப் போனது, டீசல் பங்க்குக்குப் போனது, மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் வெகுநேரம் இருந்தது. "மனுஷங்க சாப்பாட்டுக்குப் பழகிடுச்சு, இனிமே மீனே பிடிக்காது" என்று மேடம் கலங்கிப்போனார். பொழுது சாய்ந்தால் புள்ளி தினமும் ஒரே மாடியில் தங்கியது. அது நான் குடியிருக்கும் மாடி.

"உங்க தலைக்கு மேல நாரை உக்காந்திருக்கு, உங்களுக்குத் தெரியலையா?" என்றார். நான் என்னத்தைக் கண்டேன் அக்கா. என் வீட்டுக் கூரையில் நாரை தேட நானே வண்டி சொன்னேன், நானே ஏணி வாங்கினேன், நானே பொட்டலம் கட்டினேன். வீட்டுக்காரர் ஏணியைப் பார்த்துவிட்டு, "ஒண்டிக்கட்டைன்னு சொல்லித்தானே வீடு எடுத்தீங்க?" என்று கேட்டார். கூரையில் ஒரு பழைய செருப்பைத் தவிர ஒன்றுமில்லை. சாப்பாடு பத்தவில்லை என்று நான் கடைக்கு ஓடினேன், மேடம் கையோடு கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரில் புள்ளியும் கடைக்கு ஓடியது, நான் திரும்பினேன், அதுவும் திரும்பியது. எங்கள் டிரைவர், ஹாரன் அண்ணன் என்று சொன்னேனே, ஏரிக்கரையில்கூட ஹாரன் அடிக்காமல் இருக்க முடியாதவர், அவர் மெதுவாக, "மேடம், இவர் போற இடத்துக்கெல்லாம் அதுவும் போகுதே" என்றார்.

"நீங்க அதுக்குத் திருட்டுத்தனமா மீன் போடறீங்களா?" என்று மேடம் ஏணியை விட்டு இறங்கி வந்தார். என் கை தானாக ஜெர்கின் பைக்குள் போனது. கருவியை எடுத்து நீட்டினேன். மேடம் கத்தவில்லை அக்கா, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ நாரை எங்க?" என்று மட்டும் கேட்டார். வேலை போகட்டும், அந்த நாரை செத்துக்கிடந்தால் நான் அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் இன்னொரு புள்ளி முளைத்தது. ஏரியின் தெற்கு மூலை. கருவியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன், விழுந்தடித்துக்கொண்டு போனோம். ஹாரன் அண்ணன் வழியில் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நாரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஊறி டேப் விட்டுப்போய்க் காந்தம் கழன்று விழுந்திருக்கிறது. நான் செய்ய மறந்ததை அதுவே செய்துகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உயிரோட இருக்கு, அது போதும். உபரிக் கருவியை இப்பவே பீரோவுல வெச்சுப் பூட்டுங்க. அட்டவணையை இனிமே பசை போட்டு ஒட்டுங்க" என்றார். அலுவலகம் திரும்பியதும் ஜெர்கின் பையிலிருந்து எடுத்து வைத்துப் பூட்டிவிட்டேன். மற்ற நாரைகளுக்கும் அனுமதி வந்துவிட்டது. இனி உன் தம்பியைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உன் முழங்கால் வலி இந்நேரம் விட்டுப்போயிருக்க வேண்டுகிறேன். அத்தான் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட என் ஜெர்கினை இன்று காலை உங்கள் பக்கம் போன லாரியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன்,
தம்பி

பி.கு.: இப்போதுதான் பீரோவைத் திறந்தேன். நான் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பது என் மூக்குக்கண்ணாடிக் கூடு. உபரிக் கருவியை எவனோ திருடிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறான் என்று மேடம் திரையைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கிறார். பிடிக்க நாளைக் காலை கிளம்புகிறோம். வண்டி, ஏணி எல்லாம் சொல்லிவிட்டேன். திருடன் வீடு எதுவென்று போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள். இதை இப்போது கிளம்பும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ஜெர்கினின் இடது பையைப் பார், அதில் இருப்பதன்மேல் ஏதாவது ஒரு காந்தத்தை ஒட்டிவிடு. முடியாவிட்டால் ஆறு பேருக்குச் சமைத்து வை.