துட்டி அண்ணாச்சியை முந்தியவன்

திருவனந்தபுரம் கோட்டைக்குச் சுற்றுப்பக்கத்தில், துட்டி அண்ணாச்சி வந்து கைகட்டி நிற்கும்வரை யாரும் முறைப்படி இறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

திருநெல்வேலிப் பக்கம் இழவு வீட்டுக்கு விசாரிக்கப் போவதைத் துட்டிக்குப் போவது என்பார்கள். அதனால்தான் அந்தப் பெயர். சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கயிறும் விற்கும் கடையில் அவருக்கு வேலை. அங்கே பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி எப்போதும் மடித்து வைத்திருப்பார். வலியசாலையில் யாரோ போய்விட்டார் என்று காதில் விழுந்தால் போதும், பாதி அளந்த கயிற்றை வாங்க வந்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு வேட்டி மாற்றப் போய்விடுவார். முதலாளி திட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். முதலாளியின் அப்பா இறந்தபோது முதலாளிக்கு முன்பே அங்கே போய் நின்றவர் அண்ணாச்சி.

"யாருன்னே தெரியாத வீட்டுக்கு ஏன் போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரிஞ்ச வீட்டுக்கு எல்லாரும் போவாங்கல்லா சாரே."

முதல் ஆளாகப் போய்ச் சேருவதில் அவருக்கு ஒரு பெருமை. நான் ஸ்ரீவராகத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். காய்ச்சல் என்று படுத்தால், அவர் கண்ணில் படாமல் இருக்க முதலில் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் பகுதியில் தனியாக இருந்த வயதான பெண்கள் மூன்று பேர், சில மாத இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். மூவருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில். மூவருக்கும் சர்க்கரை நோய். வீடு தேடி வந்து சர்க்கரை பார்த்து ஊசி போடும் ஒருவன் இருந்தான். தங்கமான ஆள் என்று பெயர். வயதானவர்கள் இறப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அண்ணாச்சி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு துட்டியிலயும் அந்த ஊசிக்காரன் எனக்கு முந்தி வந்து நிக்கான் சாரே. முப்பது வருசத்துல ஒருத்தன் என்னை முந்தினதில்ல."

தொழில் பொறாமை என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். பொறுக்க முடியாமல் அவனிடமே கேட்டிருக்கிறார், உனக்கு யார் சொன்னது என்று. மூன்றாவது அம்மாளின் எதிர்வீட்டுச் சேச்சி போன் செய்தாள் என்றான் அவன். அண்ணாச்சி நேரே சேச்சியிடம் போனார்.

"நான் யாரையும் விளிக்கல்லல்லோ. நீங்க வந்தப்போதான் எனக்கே தெரிஞ்சது" என்றாள் சேச்சி.

மூன்றாவது அம்மாளின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து, தாயின் கழுத்தில் கிடந்த சங்கிலி கவரிங் என்று கண்டுபிடித்தாள். போலீஸ் வந்து தெருக் கேமராக்களைப் பார்த்தது. உறவும் இல்லாமல், வேலையும் இல்லாமல் மூன்று வீட்டுக்கும் வந்துபோன ஒரே முகம் அண்ணாச்சியுடையது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் ஸ்டேஷனுக்குப் போனபோது எஸ்.ஐ. கேட்டார்: "இவர் உங்க ஆளாணோ? மூணு மரணத்துலயும் இருந்திருக்காரே."

"எல்லா மரணத்துலயும் உண்டு சார்" என்றார் அண்ணாச்சி. மூன்றோடு நிறுத்திவிட்டார்களே என்ற வருத்தம் குரலில் இருந்தது. பிறகு, கேட்காமலேயே ஊசிக்காரன் மீதான தன் மனக்குறையை, சேச்சி போன் செய்யாததையும் சேர்த்துக் கொட்டினார். எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார்.

"முந்தின்னா, எவ்வளவு முந்தி?"

மறுநாள் ஊசிக்காரனைப் பிடித்தார்கள், அண்ணாச்சியை விட்டுவிட்டார்கள். அசல் சங்கிலிகள் மூன்றும் அவன் அறையிலேயே கிடைத்தன. ஊசி மருந்தின் அளவைக் கூட்டிக் கொன்றிருக்கிறான். வேறு ஊர்களில் இன்னும் இரண்டு பேர். செய்தியைக் கேட்டதும் அண்ணாச்சி தன் வலது கையை என் முன்னால் நீட்டிக் காட்டினார்.

"இந்தக் கையாலதான் அவன் தோளைத் தட்டினேன். அழாதடேன்னு சொன்னேன் சாரே."

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அவரை மடக்கப் பார்த்தார். "உங்களை முந்திவிட்டான் என்ற பொறாமையில்தானே சாட்சி சொல்கிறீர்கள்?"

"பொறாமை உண்டு சார். சொன்னதும் உள்ளதுதான்."

நீதிபதி குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். சேச்சியும் கூண்டேறி, தான் போன் செய்யவில்லை என்று உறுதியாகச் சொன்னாள். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

தீர்ப்பன்று இறந்தவர்களின் பிள்ளைகள் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொள்ள வந்தார்கள். ஆளைக் காணவில்லை. தேடிப் போனேன். வராந்தாவின் கடைசி பெஞ்சில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்காரனின் தாய். போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். பெஞ்சின் மறுமுனையில், கைகட்டியபடி அண்ணாச்சி.

"இங்க யாருக்குத் துட்டி?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த அம்மைக்கு மகன் போயிட்டான்லா சாரே."

வெளியே போய் மூன்று சாயா வாங்கி வந்தேன். அந்த அம்மாள் நிமிராமல் ஒன்றை வாங்கிக்கொண்டாள். அண்ணாச்சி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.