பொறுங்கோ நானாவின் கார்த் திறப்பு

பழுதான சாமான் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, அவசரப்படுகிற ஆட்கள்தான் உண்டு என்று மனதார நம்பும் ஒரே மனிதர் மன்னார்த் தீவில் இருக்கிறார். அவருக்கு உம்மா வாப்பா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அவரும் நானும் வேலை செய்கிற கந்தோரில் அது யாருக்கும் நினைவில்லை. எது நின்றுபோனாலும், திருத்துகிறவனை யார் கூப்பிடப் போனாலும், கையை உயர்த்தி "பொறுங்கோ" என்பார். ஆகவே அவர் பொறுங்கோ நானா.

ஒருமுறை போட்டோக்கொப்பி மெசினைக் கழற்றினார். திரும்பப் பூட்டியபோது ஒரு கை நிறைய ஆணிகள் மிஞ்சின. "பாத்தியளா, கொம்பனிக்காரன் தேவையில்லாமல் எவ்வளவு போட்டிருக்கிறான்" என்று எல்லாருக்கும் காட்டினார். மெசின் இன்றைக்கும் ஓடுகிறது, இருமிக்கொண்டுதான். பிறகு தேத்தண்ணிக் கேத்தலைத் திருத்தினார். தொட்டால் கரண்ட் அடித்தது. "செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் செய்யாது" என்றார். அன்று முதல் எங்கள் மனேஜரே தேத்தண்ணி ஊற்றப் போவதென்றால் மேசைக்குக் கீழே செருப்பைத் தேடுவார்.

இப்படிப்பட்டவர் ஒரு ஜப்பான் காரை வாங்கினார். பாவித்த கார்தான். ஆனால் ரிமோட் திறப்பு, சாவி போட்டுத் திருகும் வேலையில்லை. சட்டைப்பையில் திறப்பு இருந்தால் போதும், பட்டனை அமத்த எஞ்சின் ஓடும். எருக்கலம்பிட்டியில் அவர் வீட்டுப் பக்கம் திரியும் கழுதைகள் காரில் முதுகு உரசாமல் இருக்க அவர் பட்ட பாடு தனிக்கதை. கழுதையையாவது துரத்தலாம். உப்புக்காற்றை எப்படித் துரத்துவது? எங்கள் ஊரில் அது சைக்கிள் செயினைத் தின்னும், யன்னல் கம்பியைத் தின்னும். தன் திறப்பையும் ஒருநாள் தின்றுவிடும் என்று நானா தூக்கம் கெட்டார்.

அவருடைய மச்சான் பைபர் படகுகளின் ஓட்டை அடைக்கிறவர். படகுக்குப் பூசி மிஞ்சிய றெசினை வாங்கிவந்து, திறப்பின் மூட்டு முழுவதையும் சுற்றிப் பூசிவிட்டார் நானா. அது காய்ந்து கல்லாகியது.

"இனிக் கடலுக்குள்ள போட்டாலும் ஒரு சொட்டுப் போகாது" என்று என் மேசையில் தட்டிக் காட்டினார்.

"நானா, உள்ள பற்றரி முடிஞ்சால் எப்பிடித் திறக்கிறது?"

"பொறுங்கோ தங்கச்சி. முடியேக்க பாப்பம்."

அது முடிந்தது, என் தம்பியின் கல்யாணத்தன்று.

மாப்பிள்ளை வீடு உயிலங்குளம், பொம்பிளை வீடு பாப்பாமோட்டை. எங்கள் வழக்கப்படி கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வைத்த தட்டத்தை மாப்பிள்ளையின் சகோதரி கொண்டுபோக வேண்டும். அதாவது நான். "தட்டம் என்ட காரிலதான் வரோணும். ஏசி இருக்கு, தூசி படாது" என்று நானா பிடிவாதமாக நின்றார். கோயில் மண்டபத்தில் இறங்கியதும், "வெயிலுக்க தூக்கிக்கொண்டு நிக்காதேங்கோ. ஐயர் கேக்கேக்க எடுத்துத் தாறன். தாலி கிடக்கு, பூட்டி வைப்பம்" என்றார். அமத்தினார். கார் மெலிதாக ஒரு சத்தம் போட்டுப் பூட்டிக்கொண்டது. பற்றரியின் கடைசி மூச்சு அதுதான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

தம்பி மணவறையில் இருந்தான். பொம்பிளையும் வந்து இருந்தாள். ஐயர் கூறையைக் கேட்டார். நான் வெளியே ஓடினேன். வேப்பமரத்தின் கீழ் நானா காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"என்ன நானா?"

"பொறுங்கோ. கொஞ்சம் அடம்பிடிக்குது."

கதவோடு ஒட்டிப் பிடித்து அமத்தினார். நாடிக்குக் கீழே வைத்து அமத்தினார். பற்றரிக்குச் சூடு காட்ட வேண்டுமென்று கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பிறகு, ஒலிபெருக்கியால்தான் சிக்னல் குழம்புகிறது என்று மண்டபத்துக்குள் போய் மேளத்தை நிறுத்தச் சொன்னார். மேளம் திடீரென்று நின்றதும், என்ன ஏதென்று தெரியாமல் தாலி ஏறிவிட்டதாக்கும் என்று பின்வரிசையில் இருந்தவர்கள் வாழ்த்தி அறுகரிசியைத் தூவிவிட்டார்கள். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நல்ல நேரம் போகப்போகுது. கூறை எங்க?"

கூறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பின் சீற்றில், பட்டுத்துணி மூடிச் சொகுசாக இருந்தது.

"உடைப்பம்" என்றார் என் மாமா, கையில் கல்லோடு.

"பொறுங்கோ! ரிமோட்டுக்குள்ள சின்ன இரும்புத் திறப்பு ஒண்டு இருக்கு. இப்படி ஒரு நாளுக்கெண்டுதான் வச்சிருக்கிறாங்கள்."

ஆனால் அந்த இரும்புத் திறப்பும் றெசினுக்குள் அல்லவா இருந்தது! தேங்காய் உடைக்கும் கல்லருகே குந்தி, ரிமோட்டை அதில் தேய்க்கத் தொடங்கினார். வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டியது. விரல் தோல் உரிந்தது. விடவில்லை. கடைசியில் இரும்புத் திறப்பு வெளியே வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கார்க் கதவுக்கு ஓடியவர் அப்படியே நின்றார். கதவுச் சாவித்துவாரத்தையும் அவரே றெசின் பூசி அடைத்திருந்தார். உப்புக்காற்றுக்குத்தான்.

நான் அழுதுவிட்டேன். அதே நேரத்தில் எங்கள் பெரியமாமி வாசலில் நின்று பக்கத்து மனிசியிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"தாலி கட்ட முதலே தடை. பொம்பிளையின்ட ராசி இப்பவே தெரியுது."

நானா திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் அப்படி மாறி நான் கண்டதில்லை.

"மாமி, இது என்ட மடைத்தனம். அந்தப் பிள்ளையின்ட ராசியில்லை" என்றார். பிறகு என் மாமாவிடம் கையை நீட்டினார். "கல்லைத் தாங்கோ. இனிப் பொறுக்கேலாது."

"பின் கண்ணாடிக்கு அடியுங்கோ, தட்டம் கிட்ட" என்றார் மாமா.

"இல்லை. கூறையில ஒரு துண்டும் விழக்கூடாது."

முன்னால் போய், ஸ்டியரிங் பக்கத்துக் கண்ணாடிக்கு ஒரே அடி. கழுதையின் முதுகு பட்டாலே துணியெடுத்துத் துடைக்கிற காருக்கு! கண்ணாடி கற்கண்டு போல உதிர்ந்தது. உள்ளே கைவிட்டுக் கதவைத் திறந்து, தட்டத்தை எடுத்து என் கையில் வைத்தார். "ஓடுங்கோ தங்கச்சி!"

ஓடினேன். பின்னால் கார் ஊளையிடத் தொடங்கியது. கதவை உள்ளிருந்து திறந்தால் திருடன் என்று நினைத்துக் கத்துகிற கார் அது. பொம்பிளை கூறை மாற்றி வரும்வரையும் அது கத்திக்கொண்டே இருந்தது. மேளகாரர் அதற்கு மேலால் அடித்தார். தம்பி தாலியை எடுக்க, கெட்டிமேளம் முழங்க, சரியாக அந்த நேரம் ஊளை நின்றது.

அறுகரிசி தூவியபின் வெளியே போய்ப் பார்த்தேன். நானா கண்ணாடித் தூளுக்கு மேல் இருந்துகொண்டு, தேய்ந்த ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியளா? பற்றரி செத்தாலும் பட்டனில முட்டவைச்சால் ஓடும். திறப்பில பழுதில்லை."

"நானா, தாலி கட்டினதை நீங்கள் பாக்கேல்லையே."

"மேளம் கேட்டுது, போதும்" என்றார். உள்ளங்கையில் இரத்தம் காய்ந்திருந்தது. அதற்குள்ளும் சிரித்தார்.

அந்தக் கண்ணாடி ஜப்பானிலிருந்து வர வேண்டுமாம். வரும்வரை பொலித்தீனை றெசினால் ஒட்டி ஓட்டுகிறார். உப்புக்காற்று தாராளமாக உள்ளே போய்வருகிறது. தம்பியின் மனைவியை இன்றுவரை யாரும் ராசி கெட்டவள் என்று சொல்லவில்லை. பெரியமாமி கூட.

கந்தோரில் கேத்தலை மாற்ற வேண்டும் என்று கதை வந்தால் இப்போது நான்தான் முதல் ஆளாக "பொறுங்கோ" என்கிறேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய், அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறேன்.